ஈ1 லைன் டெஸ்ட் சுத்தம் எண்டு சொல்றாங்கள், ஃபாக்ஸ் அறுந்துகொண்டே இருக்கு. எங்க தேடுறது?

கொள்ளுப்பிட்டி_ஐடி

வணக்கம் எல்லாருக்கும். நான் கொள்ளுப்பிட்டியில ஒரு சரக்கு ஏற்றுமதி ஒஃபிஸ்ல ஐடி பாக்கிறன், டெலிபோனுக்கெண்டு தனியா ஆள் இல்லாததால பிபிஎக்ஸும் (ஒஃபிஸுக்குள்ள கோல் மாத்திற டெலிபோன் பெட்டி) என்ர தலையிலதான். எங்களுக்கு ஒரு ஈ1 பிஆர்ஐ வருது, ஒரே நேரம் 30 கோல் போற டிஜிட்டல் டெலிபோன் லைன், அதாவது 30 சனல். ரோட்டில இருந்து பில்டிங்குக்கு கொப்பர், கீழ அந்தக் கொப்பர்ல ஈ1ஐக் கடத்துற எஸ்எச்டிஎஸ்எல் மொடம் ஒண்டு, மொடத்தில இருந்து பிபிஎக்ஸுக்கு 120 ஓம் கேபிள்.

மே மாசம் மழை தொடங்கின உடன கோல் எல்லாம் கரகரவெண்டு, சிலநேரம் முழு லைனும் விழும். பிபிஎக்ஸ் மெயின்டெனன்ஸ் ஆக்கள் வந்து ஈ1 கார்டை மாத்திப்போட்டுப் போனாங்கள், அப்பவும் சரிவரேல்ல, பிறகு லைன் குடுக்கிற கம்பனி ரோட்டில ஒரு ஜொயின்டைத் திறந்து திருத்தினது. இப்ப லைன் விழுறேல்ல, கரகரப்பும் இல்ல. ஆனா ஃபாக்ஸ் ரெண்டாம் மூண்டாம் பக்கத்தில அறுந்து போகுது, கதைக்கேக்க இடைக்கிடை "டிக்" எண்டு ஒரு சத்தம். கம்பனிக்காரர் மொடத்தில லூப் போட்டு, அதாவது அனுப்பினது அப்பிடியே திரும்பி வாற மாதிரி வைச்சு, எக்ஸ்சேஞ்ச்ல இருந்து டெஸ்ட் பண்ணி ஒரு பிழையும் இல்ல, பிரச்சினை உங்கட பக்கம் எண்டு எழுதித் தந்திட்டாங்கள். மெயின்டெனன்ஸ் ஆக்கள் கார்ட் புதுசு, பிரச்சினை லைன்லதான் எண்டுறாங்கள். நான் நடுவில. இன்னொரு கார்ட் வாங்கச் சொல்றாங்கள், விலையைக் கேட்டா மனேஜர் என்னை வித்துத்தான் வாங்குவார்.

ஹட்டன்காரன்

அண்ணே நான் கேபிள் சைடுல சப் கான்ட்ராக்ட்ல வேலை செய்றேன். மழையில வந்த பிரச்சினைன்னா கொப்பரை இன்னொரு தடவ பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு வயருக்கும் நடுவுலயும், வயருக்கும் எர்த்துக்கும் நடுவுலயும் இன்சுலேஷன் அடிச்சுப் பார்க்கணும், ஆனா மொடத்தக் கழட்டிட்டுத்தான் மெகர் (கூடுன வோல்ட்ல இன்சுலேஷன் பார்க்கிற மீட்டர்) போடணும், இல்லன்னா உள்ள இருக்கிறது போயிரும். லூப் ரெசிஸ்டன்ஸும் எடுக்கச் சொல்லுங்க, 0.4 மில்லி கேபிள்னா கிலோமீட்டருக்கு சுமார் 280 ஓம் வரணும், ரெண்டு காலும் சமமா இருக்கணும். ஒரு கால் மட்டும் கூடக் காட்டினா எங்கயோ ஜொயின்ட் துருப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம். தண்ணி ஏறின எடத்த டிடிஆர்ல, அதான் கேபிள்ல பல்ஸ் அனுப்பி எதிரொலி பார்க்கிற மீட்டர்ல, பார்த்தா கோடு கீழ இறங்கும், அறுந்த எடம்னா மேல ஏறும்.

கொள்ளுப்பிட்டி_ஐடி

நன்றி தம்பி. ஜொயின்ட் திருத்தினாப் பிறகு மொடத்தில மார்ஜின் (சத்தத்தைத் தாங்க சிக்னலுக்கு மிச்சமா இருக்கிறது, கூட இருந்தா நல்லது) 11 டிபி நிக்குது, மழை நேரம் 3க்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. போன கிழமை நல்ல மழை பெஞ்சும் 11தான். அதால கொப்பர் இப்ப சரி எண்டுதான் நினைக்கிறன்.

எஸ்ஐபி_பக்தன்

இன்னும் ஈ1ஆ 😂 ஐபி நெட்வொர்க்ல கோல் போற எஸ்ஐபி ட்ரங்க் எடுத்துட்டு போங்கப்பா. இங்கிலாந்துல பழைய ஃபோன் நெட்வொர்க்கையே 2027 ஜனவரியோட மூடப்போறாங்க. ஃபாக்ஸை ஐபில அனுப்ப டி.38ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அது வந்தே 1998. காசையும் நேரத்தையும் இதுல கொட்டாதீங்க.

மருதானை_நானா

எஸ்ஐபிக்கு மாறினா டிக் சத்தம் போகும், அதுக்குப் பதிலா ஜிட்டர், பாக்கெட் லொஸ் எண்டு வேற பேர்ல வரும், அப்ப நீங்கதான் வந்து பாக்கணும் தம்பி. மனேஜர் கார்டுக்கே காசு தர மாட்டார் எண்டு அவர் சொல்றார், நீங்க முழுசா மாத்தச் சொல்றீங்க. ஈக்கிறத திருத்தற வழியப் பாப்பம்.

எனக்கிட்ட பழைய ஈ1 டெஸ்டர் ஒண்டு ஈக்கி, வேணுமெண்டா தாறன். ஆனா அதுக்கு முந்தி பழைய லைன்மேன் அண்ணன் வரட்டும், அவருக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி.

பழைய_லைன்மேன்

வந்திட்டன். தம்பி கொள்ளுப்பிட்டி, ஒருத்தரையும் இனி ஒரு கார்டையும் மாத்த விடாதேங்கோ. பிபிஎக்ஸுக்குள்ள ஈ1 போட்டுக்கு எண்டு எண்ணிக்கைப் பக்கம் ஒண்டு இருக்கும், 15 நிமிசத்துக்கு ஒருக்கா கணக்கு வைக்கும். அதில நாலு இலக்கம் பாத்துப் போடுங்கோ: கோட் வயலேஷன், சிஆர்சி பிழை, ஈ-பிட், ஸ்லிப். அலாம் பக்கம் தேவையில்ல. அலாம் வாற அளவுக்கு லைன் கெட்டா அது ஒருத்தரும் கேக்காமலே தெரியும். ஏலுமெண்டா மே மாசப் பழைய கணக்கும் எடுங்கோ, அது முக்கியம்.

கொள்ளுப்பிட்டி_ஐடி

இந்தாங்கோ ஐயா.

மே மாசம், மழை நாள், பழைய கார்ட், 15 நிமிசம்: கோட் வயலேஷன் 0, சிஆர்சி 1,912, ஈ-பிட் 640, ஸ்லிப் 0.

இண்டைக்கு பகல், ஏசி போட்டிருக்கு: கோட் வயலேஷன் 0, சிஆர்சி 0, ஈ-பிட் 0, ஸ்லிப் 44.

நேற்று இரவு, ஒஃபிஸ் பூட்டி ஏசி நிப்பாட்டினாப் பிறகு: எல்லாம் 0, ஸ்லிப் மட்டும் 51.

இந்த ஸ்லிப் எண்டதை மெயின்டெனன்ஸ் ஆக்களிட்டக் கேட்டன், லைன் சத்தம் எண்டு சொன்னாங்கள்.

பழைய_லைன்மேன்

லைன் சத்தமே இல்ல. உங்களுக்கு வந்தது ரெண்டு வெவ்வேற வருத்தம், ஒண்டு போய் மற்றது வந்திருக்கு, வந்த நேரம் கிட்டக்கிட்ட எண்டதால எல்லாரும் ஒண்டெண்டு நினைச்சிட்டினம்.

மே மாசக் கணக்கைப் பாருங்கோ. சிஆர்சி ஆயிரக்கணக்கில, கோட் வயலேஷன் ஒண்டுமில்ல. ஈ1 வயர்ல போறது எச்டிபி3 கோட். நாலு சைபர் தொடர்ந்து வந்தா அதை வேற மாதிரி மாத்தி அனுப்புற ஒழுங்கு ஒண்டு அதில இருக்கு, அந்த ஒழுங்கு குழம்பினா கோட் வயலேஷன் ஏறும். ஆனா அந்தக் கோட் ஒவ்வொரு பெட்டியிலயும் கழட்டித் திருப்பிப் புதுசாக் கட்டுப்படும். அதால கோட் வயலேஷன் சொல்றது உங்கட கார்டுக்கு வாற கடைசித் துண்டு வயரைப் பற்றி மட்டுந்தான், மொடத்தில இருந்து பிபிஎக்ஸ் வரைக்கும். சிஆர்சி அப்பிடியில்ல, அது பிட் சரியா வந்ததோ எண்டு பாக்கிற சரிபார்ப்பு, எக்ஸ்சேஞ்சில கட்டி உங்கட பிபிஎக்ஸில அவிழ்க்கிறது, நடுவில எங்க பிழைச்சாலும் காட்டிக்குடுக்கும். செக்கனுக்கு 1000 புளொக், ஒவ்வொண்டும் 2048 பிட். சிஆர்சி ஏறுது, கோட் வயலேஷன் இல்லையெண்டா பிழை மொடத்துக்கு அங்கால, ரோட்டுக் கொப்பர்ல. ஈ-பிட் எண்டது நீங்கள் அனுப்பினதில எக்ஸ்சேஞ்ச் பிழை கண்டா உங்களுக்குத் திருப்பிச் சொல்றது, அது 640 எண்டா போற பக்கமும் கெட்டிருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே நேரம் கெடுறது ஒரே ஈர ஜொயின்டால. அந்தக் கணக்கை அண்டைக்கு ஒருத்தர் வாசிச்சிருந்தா கார்டைத் தொட்டிருக்க மாட்டினம்.

இப்ப இண்டையான் கணக்கு. ஒரு பிட்டிலயும் பிழை இல்ல, ஆனா ஸ்லிப் 44. அது கடிகாரம், கிளொக். எக்ஸ்சேஞ்ச் ஒரு வேகத்தில பிட்டை அனுப்புது, உங்கட பிபிஎக்ஸ் தன்ர சொந்த வேகத்தில எடுக்குது. ரெண்டுக்கும் நடுவில ஒரு பஃபர். வாளி கைமாத்திற ரெண்டு பேரில ஒருத்தர் கொஞ்சம் சுணக்கமெண்டா வாளி சேர்ந்துகொண்டு வரும், ஒரு கட்டத்தில ஒண்டை நிலத்தில வைக்கத்தான் வேணும். அப்பிடி ஒரு ஃப்ரேம் முழுசா விடுபடும், இல்லாட்டி வேகம் மறுபக்கமெண்டா ஒரே ஃப்ரேம் ரெண்டு தரம் வாசிபடும். ஒரு ஃப்ரேம் 125 மைக்ரோ செக்கன், 256 பிட். கதைக்கிற ஆளுக்கு அது ஒரு டிக், சிலவேளை அதுவும் கேளாது. ஃபாக்ஸுக்கு அது இடி விழுந்த மாதிரித்தான்.

கணக்குப் போட்டுப் பாப்பம். 900 செக்கனில 44, அண்ணளவா 20 செக்கனுக்கு ஒண்டு. ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில ஒரு பங்கு, வேக வித்தியாசம் இருந்தா 125 செக்கனுக்கு ஒரு ஸ்லிப் வரும், அப்ப உங்கட வித்தியாசம் 6 பிபிஎம் சொச்சம். இரவில 51, அது 7 பிபிஎம். ஏசியை நிப்பாட்டினா மாறுது பாத்தீங்களோ? பிபிஎக்ஸின்ர சொந்தக் கிளொக்கை ஓட்டுற ஒரு சின்னக் கிறிஸ்டல் சூட்டில அலையுது. ரெண்டு பக்கமும் ஒழுங்கான நெட்வேக் கிளொக்கில நிண்டா 70 நாளுக்கு ஒரு ஸ்லிப் எண்டதுதான் கணக்கு. பிபிஎக்ஸில கிளொக் சோர்ஸ் எண்ட இடத்தைப் பாருங்கோ. இன்டேர்னல் எண்டுதான் இருக்கும்.

ஹட்டன்காரன்

ஐயா ஒரு சந்தேகம். கிளொக் 6 பிபிஎம் தப்புன்னா எக்ஸ்சேஞ்ச்ல அலாரம் அடிக்காதா? அதோட கம்பனி லூப் போட்டு டெஸ்ட் பண்ணப்ப ஏன் ஒண்ணுமே தெரியல? நாங்களும் லூப் போட்டுத்தான் லைன் ஓகேன்னு எழுதிக் குடுக்குறோம், அதான் கேக்குறேன்.

பழைய_லைன்மேன்

நல்ல கேள்வி. ஜி.703 எண்ட சர்வதேசத் தரம் ஈ1க்கு விடுற வித்தியாசம் 50 பிபிஎம் வரைக்கும். 6 பிபிஎம் எண்டா ரெண்டு பக்கமும் சந்தோசமா ஏத்துக்கொள்ளும், ஃப்ரேம் பிடிக்கும், பச்சை லைற் எரியும். பிஆர்ஐயும் அப் எண்டுதான் காட்டும், ஏனெண்டா 16ஆவது ஸ்லொட்டில போற சிக்னலிங்கில ஒரு துண்டு விடுபட்டா அதே திருப்பி அனுப்பி எடுத்துக்கொள்ளும். ஃபாக்ஸுக்கும் குரலுக்கும் அந்த வசதி இல்ல.

லூப் ரெஸ்ற்றுக்கு வாறன். எக்ஸ்சேஞ்சில ரெஸ்ற்றர் தன்ர கிளொக்கில அனுப்புது. மொடத்தில லூப். அதே பிட், அதே வேகத்தில, அப்பிடியே திரும்பி வருது. அனுப்பினதும் எடுக்கிறதும் ஒரே கடிகாரம், பிறகு ஸ்லிப் எங்கயிருந்து வாறது? அந்த ரெஸ்ற்றில உங்கட பிபிஎக்ஸ் இல்லவே இல்ல, மொடத்தில இருந்து பிபிஎக்ஸுக்குப் போற கேபிளும் இல்ல. அவை சொன்னது பொய்யில்ல, கொப்பர் சுத்தம். அவை பாக்காத ஒண்டை இல்லையெண்டு எழுதினதுதான் கரைச்சல்.

லூப் எங்க போட்டனீங்கள் எண்டதையும் தாளில எழுதோணும் தம்பி. எக்ஸ்சேஞ்ச் பக்கம் லூப், பிறகு மொடத்தின்ர லைன் பக்கம், பிறகு மொடத்தின்ர ஈ1 பக்கம், பிறகு கார்டில கேபிளைக் கழட்டி அதில. ஒவ்வொரு துண்டாத் தள்ளிக்கொண்டு போனா எந்தத் துண்டில பிழை தொடங்குது எண்டு தெரியும். ஆனா கிளொக்கை மட்டும் லூப்பால பிடிக்க ஏலாது. அதுக்கு லூப்பைக் கழட்டி, ஓடுற லைனில ரெஸ்ற்றரை ஒட்டுக்கேக்க விட்டு, ரெண்டு திசையின்ர வேகத்தையும் ஒப்பிடோணும்.

மருதானை_நானா

டெஸ்ட் எவ்ளோ நேரம் ஓடினது எண்டும் கேளுங்க. அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு சைபர் எரர் எண்டு பிரின்ட் அடிச்சுக் குடுக்கிறவங்களும் ஈக்காங்க. நூறு கோடி பிட்டுக்கு ஒரு பிழை எண்டது நல்ல லைனுக்குக் கேக்கிற தரம், ஈ1ல நூறு கோடி பிட் போறதுக்கே 8 நிமிஷத்துக்கு மேல வேணும். பிழை இல்லாம ஓடி அத நம்பிச் சொல்ல அதுக்கு மூணு மடங்கு, கிட்டத்தட்ட 25 நிமிஷம். மழைக்கு வாற பிழையா ஈந்தா 24 மணித்தியாலம் விடணும், வெயில்ல டெஸ்ட் பண்ணி என்னத்துக்கு?

ஹட்டன்காரன்

நானா நம்ம டெஸ்டர்ல ஒரு நாள் கேபிள் முழுசா அறுந்தே போச்சு, ஆனா பிழைச் செக்கன் வெறும் 4ன்னு காட்டிச்சு. சூப்பர்வைசர் லைன் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டார் 😅 அது எப்படி?

மருதானை_நானா

யூஏஎஸ் எண்ட வரிசையப் பாக்கல்லயா? தொடர்ந்து பத்து செக்கன் மோசமா போனா அந்தப் பத்தையும் சேத்து "லைனே இல்லாத நேரம்" எண்டு வேற கணக்குல போட்டுடும், பிழைச் செக்கன்ல சேக்காது. திரும்பி வரவும் மோசமில்லாத பத்து செக்கன் தொடர்ந்து வேணும். ஜி.821 எண்ட சர்வதேசத் தரத்துல அப்படித்தான். முதல்ல யூஏஎஸ் சைபரா எண்டு பாத்துட்டுத்தான் மத்தத வாசிக்கணும்.

இன்னொண்டு, புறக்கோட்டைப் பக்கம் செகண்ட் ஹேண்ட் டெஸ்டர் வாங்கிறவங்களுக்கு. அமெரிக்காவுல கழிச்ச டெஸ்டர் வந்தா அது டி1க்கு செஞ்சதா எண்டு பாத்து எடுங்க. டி1 எண்டா 1.544 மெகாபிட், 24 சனல், நம்மட ஈ1 2.048. ரெண்டும் செய்யும் எண்டு எழுதி ஈந்தாலும், லூப்-அப் கோட் எண்டு ஒரு பட்டன் ஈக்கி, அத அமத்திட்டு மொடம் லூப் ஆகல்ல எண்டு ஒரு பொடியன் என்ட கடைக்கே கொண்டாந்து சண்டை பிடிச்சான். அந்தக் கோட் டி1 உலகத்துப் பழக்கம், ஈ1 மொடத்துக்கு அது விளங்காது, மொடத்துட மெனுவுல போய் போடணும், இல்லாட்டி கையால. டெஸ்டர் அனுப்புற பிட் பற்றனும் அப்படித்தான், 2^15-1 எண்டு ரெண்டு பக்கமும் போட்டும் சிங்க் ஆகல்ல எண்டா ஒரு பக்கம் இன்வேர்ட் ஆகி ஈக்கும், மாத்திப் பாருங்க.

எஸ்ஐபி_பக்தன்

சரி சரி ஒத்துக்கிறேன், ஸ்லிப் கணக்கு அழகா இருக்கு. ஆனா ரெண்டு வருஷத்துல இந்த கார்டுக்கு ஸ்பெயர் கிடைக்காது பாருங்க.

பழைய_லைன்மேன்

கிடைக்காதுதான், ஆரும் மறுக்கேல்ல. அதாலதான் இருக்கிறதை வீணா மாத்தாதேங்கோ எண்டுறன்.

கொள்ளுப்பிட்டி_ஐடி

ஐயா, பாத்தன். கிளொக் சோர்ஸ் முதலாவது "இன்டேர்னல்", ரெண்டாவது வெறுமை. மெயின்டெனன்ஸ் ஆக்களிட்ட இருந்த பழைய பேக்அப் ஃபைலை வாங்கித் திறந்து பாத்தா அதில முதலாவது ஈ1 போர்ட் எண்டு இருக்கு. புதுக் கார்ட் போட்டாப் பிறகு சனல், நம்பர் எல்லாம் திருப்பிப் போட்டிருக்கிறாங்கள், கிளொக்கை மட்டும் ஃபக்டரி செட்டிங்ல விட்டிட்டாங்கள். கோல் போகுது வருது எண்டு பாத்திட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது.

ஒஃபிஸ் முடிஞ்சாப் பிறகு மாத்தினன். மாத்தின உடன ரெண்டு ஸ்லிப் வந்தது, பிறகு இண்டைக்குக் காலமை வரைக்கும் ஒண்டும் இல்ல. ஃபாக்ஸ் நீள டொக்கியுமன்ட் ஒண்டு அனுப்பிப் பாத்தன், ஒரே மூச்சில போனது. மனேஜர் கார்ட் கொட்டேஷனைக் கிழிச்சே போட்டார் 😄

ஒரு கேள்வி மிச்சம். பேலியகொடை ஸ்டோர்ஸ்ல சின்ன பிபிஎக்ஸ் ஒண்டு இருக்கு, இஞ்ச இருந்து அங்க ஃபைபர்ல ஒரு ஈ1 டை லைன் (ரெண்டு பிபிஎக்ஸையும் நேரா இணைக்கிற லைன்), ரெண்டு பக்கமும் கொன்வேர்ட்டர். அங்க கிளொக் "லைன்" எண்டு இருக்கு. இஞ்ச ரெண்டாவது சோர்ஸ் வெறுமையா இருக்கிறதால அந்த டை லைனை ரெண்டாவதாப் போட்டு விடட்டோ? கம்பனி லைன் விழுந்தா உதவும்தானே.

பழைய_லைன்மேன்

போட்டிடாதேங்கோ! பேலியகொடை உங்களிட்ட இருந்து கிளொக் எடுக்குது. கம்பனி லைன் விழுந்த நேரம் நீங்கள் பேலியகொடையிட்ட இருந்து எடுக்கத் தொடங்கினா, அது உங்களைப் பாக்கும், நீங்கள் அதைப் பாப்பியள், ஒருத்தரும் உண்மையான நேரத்தைப் பாக்க மாட்டியள். வேகம் ஒரு பக்கமா இழுபட்டுக்கொண்டே போகும், 50 பிபிஎம்மையும் தாண்டினா டை லைனே விழும். அந்த நேரம் லைன்ல, கேபிள்ல, கார்டில எண்டு எங்க தேடினாலும் ஒண்டும் அம்பிடாது.

முதலாவது கம்பனி ஈ1, ரெண்டாவது இன்டேர்னல். கம்பனி லைன் விழுந்தா நீங்கள் உங்கட கிறிஸ்டலில ஓடுவியள், பேலியகொடை உங்களோட ஓடும், ரெண்டு பேரும் ஒரே வேகம் எண்டதால டை லைன்ல ஸ்லிப் வராது. ஆனா அந்த ஃபைபர் கொன்வேர்ட்டர் பிட்டை அப்பிடியே கடத்துற சாதியோ, இல்ல ஐபி பாக்கெட்டில போட்டு அனுப்புறதோ எண்டு பாருங்கோ. பாக்கெட் எண்டா அது அந்தப் பக்கம் கிளொக்கைத் தானே ஊகிச்சுக் கட்டும், சிலது ஒழுங்கில்ல. பேலியகொடைப் பிபிஎக்ஸின்ர ஸ்லிப் கணக்கையும் எடுத்துப் போடுங்கோ.

கொள்ளுப்பிட்டி_ஐடி

பிட்டை அப்பிடியே கடத்துற வகைதான், சும்மா மீடியா கொன்வேர்ட்டர். பேலியகொடையில ஸ்லிப் 0, சிஆர்சி 0. ஆனா கோட் வயலேஷன் 15 நிமிசத்துக்கு 7, 8 காட்டுது.

ஹட்டன்காரன்

ஐயா சொன்னபடி பார்த்தா, கோட் வயலேஷன்னா கடைசித் துண்டு வயர், கொன்வேர்ட்டருக்கும் அந்த பிபிஎக்ஸுக்கும் நடுவுல! ஆனா சிஆர்சி ஏன் சைபர்? பிட் தப்பா வந்தா அதும் ஏறணுமே?

பழைய_லைன்மேன்

முதல் பாதி சரி. ரெண்டாவதுக்கு, அந்த டை லைன்ல சிஆர்சி-4 போட்டிருக்கோ எண்டு ரெண்டு பக்கமும் பாருங்கோ. ரெண்டு பக்கமும் நிப்பாட்டி வைச்சிருந்தா சைபர் எண்டது பிழையில்லை எண்டதில்ல, எண்ணுறேல்ல எண்டதுதான்.

கொள்ளுப்பிட்டி_ஐடி

ஓம் ஐயா, ரெண்டு பக்கமும் ஓஃப். ஞாயிற்றுக்கிழமை போய் ஓன் பண்ணி, கேபிளையும் மாத்திப் பாக்கிறன். அங்க நெட்வேர்க் வயர்தான் ஆரோ அடிச்சு வைச்சிருக்கிறாங்கள், ஜோடி பிரிஞ்சிருக்கோ தெரியேல்ல. நானா, டெஸ்டர் வேணும்.

மருதானை_நானா

சனிக்கிழமை மஃரிபுக்கு முந்தி கடைக்கு வாங்க, சார்ஜ் போட்டு வெக்கிறன். பெட்டரி கொஞ்சம் பழசு, கரண்ட்ல சொருகித்தான் ஓட்டணும்.